அவுரியும் கினே துணியும்

செனகல் ஆற்றின் வடகரையில் பாலைவனம் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஆண்டுதோறும் பிசின் பருவம் வந்ததும், திரார்சா, பிராக்னா குலங்களைச் சேர்ந்த மூர்கள் ஒட்டகங்களிலும் காளைகளிலும் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்கு வந்து கூடாரம் அடிப்பார்கள். கடலோர நகரமான சேன் லூயியிலிருந்து வணிகர்களின் படகுகள் ஆற்றில் ஏறி வரும். பேரம் நாட்கணக்கில் நீளும். ஆனால் அந்தப் பேரத்தில் காசு புழங்கியது குறைவு. மூட்டைப் பிசினுக்கு இத்தனை உருப்படி கருநீலத் துணி என்பதே கணக்கு. மூர் வணிகர் துணியை விரிப்பார், விரலால் தேய்த்துப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். மினுமினுப்பு இருக்க வேண்டும். பழகிய அந்த வாடை வீச வேண்டும். வீசாவிட்டால் துணி திரும்பிப் படகுக்கே போகும். பிரான்ஸின் ரூவானிலும், பெல்ஜியத்திலும், மான்செஸ்டரிலும் மலிவாக நெய்து சாயமேற்றிய நகல்கள் வெகுகாலம் இந்த மூக்குச் சோதனையில் தேறவில்லை. தேறியது புதுச்சேரித் துணி.

பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘கினே’ என்றார்கள். ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்கு ஏற்றுமதியான துணி என்பதால் அந்தப் பெயர். ஓர் உருப்படி ஏறக்குறைய 15 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடை. செனகல் ஆற்றுப் பகுதியில் அது உடுப்பாகவும் இருந்தது, பணமாகவும் இருந்தது. மூர் அமீர்களுக்குப் பிரெஞ்சு அரசு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய காணிக்கையில்கூட கினே சேர்ந்திருந்தது. சாயம் உடுத்தியவர் தோலில் ஏறி நீலம் பூசியதுபோல் தெரியும்; அதை அங்கே யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, வசதியின் அடையாளமாகவே கண்டார்கள்.

இன்றைக்குப் புதுச்சேரியைப் படமெடுக்க வருகிறவர்கள் மஞ்சள் சுவர்களைத் தேடுகிறார்கள். அந்தச் சுவர்களுக்குப் பின்னால் வாழ்ந்தவர்களுக்குச் சோறு போட்டதில் பெரும்பங்கு நீலத்துக்கு உண்டு. அந்த நீலம் அவுரி என்ற ஒரு குத்துச்செடியின் இலையிலிருந்து வந்தது.

அவுரியைப் பார்க்கிறவர்களுக்கு அதில் நீலம் இருப்பதாகச் சந்தேகமே வராது. இடுப்பளவு உயரம். இறகுபோல எதிரெதிராக அடுக்கிய சிற்றிலைகள். இலைக் கக்கத்தில் சின்னக் கதிராக இளஞ்சிவப்புப் பூக்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் துவரம்பூவின் அதே அமைப்பு, அளவில் மட்டும் பொடி. காய் மெல்லியதாக, கொஞ்சம் வளைந்து, ஊசிபோல் நீண்டிருக்கும். துவரை, மொச்சை, கொழிஞ்சி எல்லாம் சேர்ந்த பயறுக் குடும்பம்தான் இதுவும். வேரில் முடிச்சுகள் உண்டு. அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவரும். அதனால்தான் நீலம் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை வயலுக்கே திருப்பி அனுப்பினார்கள். சாயத்துக்கு விலை கிடைக்காத வருடத்தில்கூட நெல்லுக்கு எரு கிடைத்தது. சித்த வைத்தியர்களுக்கு இதே செடி விஷக்கடி மருந்து. வீட்டுப் பெண்களுக்குத் தலைமுடி கருக்க எண்ணெயில் காய்ச்சும் இலை.

செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் அவுரிக்குப் பிடிக்கும். தண்ணீர் தேங்கினால் செத்துவிடும். விதைத்துச் சுமார் மூன்று மாதத்தில் பூவெடுக்கத் தொடங்கும். இலையில் சாயச்சத்து மிகுந்திருக்கும் நேரமும் அதுதான். அப்போது அடிக்கட்டையை விட்டுவிட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும், இரண்டாவது அறுப்பும் கிடைக்கும். முழுக்கப் பூத்துக் காய்த்துவிட்டால் சாயத்துக்கு உதவாது. விதைக்கு மட்டும் ஆகும். நேரம் தவறிய விவசாயிக்கு அந்த வருடம் எருச்செடிதான் மிச்சம்.

சென்னை மாகாணத்தில் கடப்பை, கர்நூல், நெல்லூர் மாவட்டங்களோடு தென்னாற்காடும் அவுரி மிகுதியாக விளைந்த சீமை. புதுச்சேரியைச் சுற்றி மூன்று பக்கமும் அந்தத் தென்னாற்காடு மாவட்டம்தான். பிரெஞ்சுப் பகுதி ஒரே துண்டாகவும் இருக்கவில்லை. ஆங்கிலேயர் கிராமங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கிடந்தது. ஆக, பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவில் செலவழித்த நீலப் பணத்துக்குச் சாயம் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கு வரி கட்டிய நிலத்தில் முளைத்தது. இரண்டு சாம்ராஜ்யங்களுக்கு இடையே அவுரிக்கு எல்லைக்கோடு தெரியாது.

வங்காளத்து நீலத்தின் கதை பலரும் அறிந்தது. தோட்டக்காரத் துரைகள் முன்பணத்தைத் திணித்து, நெல் விளைந்த நிலத்தில் நீலம் விதைக்கச் சொல்லி அடித்தார்கள். 1859-60இல் குடியானவர்கள் எதிர்த்தெழுந்தார்கள். 1860இல் தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்ப்பண்’ நாடகம் வெளிவந்தது. 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனார். தென்னாற்காட்டில் துரைமாரின் பெருந்தோட்டம் அந்த அளவுக்கு ஆட்சி செய்யவில்லை. குடியானவரே பயிர் வைத்தார். இலையைப் பச்சையாக ஊறப்போடும் முறையோடு, காயவைத்து, கோலால் அடித்து உதிர்த்து, சேமித்துவைத்துப் பிறகு ஊறப்போடும் முறையும் சென்னை மாகாணத்துக்கு உரியது. லண்டன் சந்தையில் அதற்கு ‘மெட்ராஸ் டிரை லீஃப்’ என்று தனிப்பெயர். கடப்பைச் சரக்கு அங்கே ‘குர்ப்பா’ ஆகிவிட்டது. இங்கும் கொடுமை உண்டு, ஆனால் அது அதிகமாக நெசவாளியின் வீட்டு வாசலில் நின்றது: ஐரோப்பியக் கம்பெனித் தரகரிடம் முன்பணம் வாங்கிய கைக்கோளரும் சேணியரும் துணி முடியும்வரை வேறு யாருக்கும் தறி ஓட்ட முடியாது.

இலையிலிருந்து நீலக்கட்டி வருவது ஒரு வேலை. கட்டியிலிருந்து துணிக்கு நீலம் ஏறுவது முற்றிலும் வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்வது அபூர்வம்.

முதல் வேலைக்கு மேலும் கீழுமாக இரண்டு தொட்டிகள் வேண்டும். அறுத்த செடியைக் கட்டுக்கட்டாக மேல்தொட்டியில் அடுக்கி, மிதக்காதபடி மரத்துண்டுகளால் அழுத்தி, தண்ணீர் விடுவார்கள். ஓர் இரவில் தண்ணீர் புளித்து, குமிழி விட்டு, மஞ்சள் கலந்த பச்சையாகும். இலையில் இருக்கும் இண்டிகன் என்ற நிறமற்ற பொருள் இந்த ஊறலில் உடைந்து இண்டாக்சில் ஆகிறது என்று வேதியியல் சொல்லும். தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கிவிட்டு, ஆட்கள் உள்ளே இறங்கிக் காலாலும் துடுப்பாலும் அடிப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரம் விடாமல் அடிக்க வேண்டும். காற்றுப் பட்டதும் பச்சை நுரை நீல நுரையாகும், நீலம் நுண்துகளாகப் பிரியும். சுண்ணாம்புத் தண்ணீரோ நாவல் பட்டைச் சாறோ விட்டால் துகள் சீக்கிரம் அடியில் தங்கும். மேல்தண்ணீரை வடித்து, சேற்றைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்தி, கட்டியாக அறுத்து, நிழலில் வாரக்கணக்காகக் காயவிடுவார்கள். நூறு கிலோ பச்சைச் செடிக்கு அரைக் கிலோ நீலம் தேறினாலே பெரிது. தொட்டியில் நின்று அடித்தவர்களின் கால் பல நாட்களுக்கு நீலமாகவே இருக்கும்; அந்தப் புளித்த நாற்றமும் எளிதில் போகாது.

இப்படி வந்த கட்டியைத் தண்ணீரில் போட்டால் கரையாது. துணியை அதில் முக்கினால் அழுக்குப் பிடிக்கும், சாயம் பிடிக்காது. இங்கேதான் சாயக்காரரின் வித்தை ஆரம்பம். கழுத்துவரை மண்ணில் புதைத்த தாழி, அதில் உவர்மண்ணை ஊறவைத்து வடித்த காரத் தண்ணீர், கொஞ்சம் சுண்ணாம்பு, அரைத்த நீலம், இவற்றோடு வேகவைத்த தகரை விதை. தெருவோரத்துக் களையாக முளைக்கும் இந்த ஊசித்தகரையும் பயறுக் குடும்பம்தான். விதையின் மாவும் சர்க்கரையும் தாழிக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி. அவை பெருகிப் பிராணவாயுவைத் தின்றுதீர்க்க, நீலம் நிறமிழந்து மஞ்சள் பச்சையாகக் கரைகிறது. பழைய தாழியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிய தாழிக்கு ஊற்றுவதும் உண்டு, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல. தாழி ‘பழுத்ததா’ என்பதை மேலே மிதக்கும் செம்புநிற ஏடும், நீல நுரையும், மணமும் சொல்லும். மழைநாளில் தாழி மந்தமாகும். சுண்ணாம்பு கூடினால் சாயம் பிடிக்காது, குறைந்தால் அழுகும். அளவுகோல் எதுவும் கிடையாது. மூக்கும் நாக்கும் விரலும்தான்.

தாழியில் முக்கிப் பிழிந்த துணி வெளியே வரும்போது பச்சையாக இருக்கும். கொடியில் போட்ட சில நிமிடங்களில், காற்றுப் படப்பட, கண்ணெதிரே நீலமாக மாறும். ஒருமுறை முக்கினால் வானநீலம். கினேக்கு வேண்டிய கருநீலத்துக்குத் திரும்பத் திரும்ப முக்க வேண்டும். கடைசியில் மரக்கொட்டாப்புளியால் அடித்து அடித்து மினுக்கு ஏற்றுவார்கள். செனகல் கரையில் மூர் வணிகர் முகர்ந்த வாடை இந்தத் தாழியின் வாடை.

இந்தக் கலை புதுச்சேரிக்கு எவ்வளவு பழையது என்ற கேள்விக்கு, பக்கத்துப் பழந்துறைமுகமான அரிக்கமேட்டில் ஒரு பதில் இருக்கிறது, பாதிப் பதில். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது செங்கல் தொட்டிகள் சில வெளிப்பட்டன. மஸ்லின் துணிக்குச் சாயமேற்றிய தொட்டிகளாக இருக்கலாம் என்று அவர் கருதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ரோமாபுரிக்கு அரிக்கமேட்டுத் துணி போயிருக்கலாம். நீலத் துணிதான் போனது என்று தொட்டியை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.

ஏடுகளில் நிற்கும் கதை 17ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1674இல் பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றியதற்குத் துணி ஒரு முக்கியக் காரணம். சோழமண்டலக் கரையில் எந்த ஐரோப்பியக் கம்பெனிக்கும் அதுதான் பிழைப்பு. துபாஷி ஆனந்த ரங்கப் பிள்ளையை நாட்குறிப்பு எழுதியவராக நமக்குத் தெரியும். அவருடைய ஆரம்பகால உத்தியோகங்களில் ஒன்று, பரங்கிப்பேட்டையிலிருந்த பிரெஞ்சுக் கிடங்கின் பொறுப்பு. அங்கே நடந்த முக்கிய வேலை நீலத்துணி தயாரிப்பு. கவர்னர் லெனுவார் காலத்தில், தந்தை திருவேங்கடம் பிள்ளை இறந்தபின் அந்த வேலை அவருக்கு வந்தது. லாலாப்பேட்டையிலும் ஆற்காட்டிலும் அவர் தம் சொந்த வணிகத்தையும் நடத்தினார். நாட்குறிப்பில் கவர்னர் டூப்ளெக்ஸின் கோபதாபங்களுக்கு நடுவே துணிச் சிப்பங்கள் வந்தனவா, கப்பல் ஏறினவா என்ற கவலை ஓயாமல் வரும். அரசியல் சூழ்ச்சியைத் தேடிப் படிக்கிறவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுகிறார்கள். ஆனால் சூழ்ச்சிக்கெல்லாம் செலவழிந்த பணம் அந்தச் சிப்பங்களுக்குள் இருந்தது.

அதே காலத்தில் இன்னொரு பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் வேறொரு வேலை பார்த்தார். கப்பற்படை அதிகாரி போலியே, 1734 வாக்கில், சித்திரத் துணி எழுதுகிறவர்களின் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு படியையும் குறித்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்துவைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி பாரிஸில் பத்திரமாக இருக்கிறது. 1742இல் ஏசுசபைப் பாதிரியார் கேர்தூவும் இதே தொழில்நுட்பத்தை விரிவாகக் கடிதமாக எழுதினார். இருவர் குறிப்பிலும் நீலம் வரும் இடம் தனியானது: சிவப்பையும் கறுப்பையும் எழுதுகோலால் துணியில் எழுதலாம், நீலத்தை எழுத முடியாது, கோலிலேயே காற்றுப்பட்டுக் கெட்டியாகிவிடும். ஆகவே நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, துணியை நீலச் சாயக்காரரிடம் கொடுத்துத் தாழியில் முக்கி வாங்குவார்கள். இதையெல்லாம் கேட்டெழுதியது வெறும் ஆர்வத்தால் மட்டுமல்ல. இந்தியச் சித்திரத் துணி பிரான்ஸின் பட்டு, கம்பளி நெசவாளர்களின் வயிற்றில் அடிக்கிறது என்று 1686இல் தடை போட்டிருந்தார்கள். 1759 வரை அது நீடித்தது. தடைக்குப் பின்னால் தாங்களே அச்சடிக்கக் கற்றுக்கொள்ளும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. இன்றைய மொழியில் இதைத் தொழில் உளவு என்றால் பிழையில்லை.

நீலத் துணிக்கு அந்தத் தடையால் சிக்கல் வரவில்லை. அதன் வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவில் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் அது எதற்குப் பயன்பட்டது என்பதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடலாம்: மனிதர்களை வாங்க. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு ஈடாகக் கொடுத்த சரக்குகளில் துணிதான் முதலிடம், அதில் இந்தியத் துணிக்குப் பெரும் பங்கு. புதுச்சேரித் தாழியில் கை நனைத்தவருக்கு அது எங்கே போகிறதென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கம்பெனிக்கு நன்றாகவே தெரியும்.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நகரம் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு ஆனந்த ரங்கப் பிள்ளை இறந்தார். அதன்பின் ஊர் கைமாறிக் கைமாறி, நெப்போலியன் போர்கள் ஓய்ந்தபின் 1816இல்தான் நிலையாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. படையோ கோட்டையோ வைத்துக்கொள்ளக் கூடாது. அரசியல் கனவு முடிந்துபோன ஊருக்குப் பிழைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அடிமை வணிகம் தடைப்பட்ட செனகலுக்கும் புதிய சரக்கு வேண்டியிருந்தது. அந்தச் சரக்கு பிசின். அதை வாங்க வேண்டிய பணம் கினே.

அந்தப் பிசினின் போக்கை ஒருமுறை பின்தொடர்ந்தால் இந்த வணிகத்தின் விசித்திரம் விளங்கும். நம் கருவேலத்துக்கு உறவான ஒரு முள்மரத்தின் பட்டையைக் கீறினால் வடிவது அது. அந்த மரமும் பயறுக் குடும்பமே. ரூவானிலும் முல்ஹவுசிலும் துணிக்கு அச்சடிக்கும் ஆலைகள் சாயத்தைக் கெட்டியாக்க இந்தப் பிசினைக் கலந்தன. கலக்காவிட்டால் அச்சின் ஓரம் கசியும். சோழமண்டலத்துச் சித்திரத் துணியைப் பார்த்து அச்சடித்து, அதன் சந்தையைப் பறித்துக்கொண்டவை இந்த ஆலைகள். அவற்றுக்கு வேண்டிய பிசினுக்கு விலையாகப் போனது சோழமண்டலத்தின் நீலத் துணி. கரையின் ஒரு தொழிலை அழிக்க அதே கரையின் இன்னொரு தொழில் பணம் கட்டியது.

கப்பல் வழியும் விசித்திரம்தான். குடியேற்ற நாடுகள் தங்களுக்குள் நேராக வணிகம் செய்யக் கூடாது என்ற பிரெஞ்சுச் சட்டத்தால், கினே முதலில் பிரான்ஸுக்குப் போய்ப் போர்தோ போன்ற துறைமுகங்களின் கிடங்கில் இறங்கி, மறுபடி கப்பலேறிச் செனகல் போகும். தரகு அங்கே தங்கிவிடும்.

தேவை பெருகியதும் இயந்திரம் வந்தது. கவர்னர் தெபாசேன் தெ ரிஷ்மோன் கொடுத்த ஊக்கத்தில், 1828இல் பிளேன், டெல்ப்ரூக் என்ற இருவர் புதுச்சேரியில் நூற்பாலை தொடங்கினார்கள். சவானா ஆலை என்று ஊர் அறிந்தது அதுதான். இந்தியாவின் மிகப் பழைய இயந்திர நூற்பாலைகளில் ஒன்று. பம்பாயில் முதல் பஞ்சாலை ஓடத் தொடங்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. கதிர் சுழன்றது, நூல் சீரானது. சாயத்துக்கு மட்டும் இயந்திரத்தால் எதுவும் செய்ய முடியவில்லை. நூலையும் துணியையும் ஆலை முதலாளி அவசரப்படுத்தலாம், தாழிக்குள் இருக்கும் நுண்ணுயிர்களை அவசரப்படுத்த முடியாது. அவற்றின் பெயர் அப்போது யாருக்கும் தெரியாது. அவற்றின் குணம் சாயக்காரருக்குத் தெரியும். புதுச்சேரியின் தொழில் வரலாற்றைக் கவர்னர்கள், முதலாளிகள் பெயரால் எழுதியவர்கள் இந்த அறிவுக்கு ஒரு பத்திகூட ஒதுக்காமல் போனது பெரிய குறை.

போலியும் உள்ளூரிலேயே பெருகியது. நெருக்கம் குறைந்த துணி, குட்டையான உருப்படி, சாயம் மிச்சம் பிடித்த கினே என்று செனகலிலிருந்து புகார்கள். 1843இல் பிரெஞ்சு அரசு ஆணையிட்டு, புதுச்சேரி கினேயின் நீளம், அகலம், எடைக்கு வரையறை விதித்தது. பணத்தின் தரத்தைக் காப்பாற்ற அரசு தலையிடுவது வழக்கம்தானே. 1877இல் வேற்று நாட்டுக் கினே செனகலுக்குள் வந்தால் கூடுதல் வரி என்றும் ஆனது.

இந்தக் கதையின் இரண்டு முனைகளையும் நேரில் அறிந்த மனிதர் ஒருவர் உண்டு: சாமுவேல் பெரோத்தே. சுவிட்சர்லாந்தில் பிறந்த தாவரவியலாளர். 1820களில் செனகலில், ஆற்றங்கரையில் பருத்தியும் அவுரியும் பயிரிட்டுப் பார்த்த பிரெஞ்சு அரசின் திட்டத்தில் வேலை செய்தார். புதுச்சேரியை நம்பாமல் ஆப்பிரிக்காவிலேயே நீலம் எடுத்துவிடலாம் என்ற ஆசை அது. 1830களின் தொடக்கத்தில் கைவிட்டார்கள். ஆனால் பெரோத்தேக்கு அங்கே வேறு பலன் கிடைத்தது. கில்மேன் என்பவரோடு சேர்ந்து செனகல் தாவரங்களை விவரித்து எழுதினார்; அவற்றில் ஒன்று, மூர்களின் பிசின் வடியும் அதே முள்மரம். பிறகு புதுச்சேரிக்கு வந்தார். 1842இல் நீலச் செடிகளைப் பற்றியும் நீலம் எடுக்கும் கலையைப் பற்றியும் பாரிஸில் நூல் வெளியிட்டார். 1826இல் தொடங்கிய புதுச்சேரித் தாவரவியல் பூங்கா அவர் பொறுப்பில்தான் உருப்பெற்றது. 1870இல் இந்த ஊரிலேயே இறந்தார். பிசின் மரத்துக்கும் அவுரிக்கும் நடுவே ஆயிரக்கணக்கான மைல் கடல் இருக்கிறது. அவர் வாழ்க்கையில் இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன.

பெரோத்தே இறந்த சமயத்திலேயே காற்று திசை மாறிவிட்டிருந்தது. செனகலில் பிசினை ஓரம் தள்ளிக்கொண்டு வேர்க்கடலை பரவியது. மார்சேய் ஆலைகளுக்கு எண்ணெய் வேண்டும், சோப்பு வேண்டும். அதே மார்சேய்க்குப் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்தும் கடலை மூட்டைகள் ஏறத் தொடங்கின. தென்னாற்காட்டின் செம்மண் மேட்டில், பண்ருட்டியிலிருந்து திண்டிவனம் வரை, மணிலாக்கொட்டை வேரூன்றியது. அந்தச் சீமைக்காரர் வாயில் அது மல்லாட்டை. மல்லாட்டையும் பயறுக் குடும்பம் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: செனகலிலும் செம்மண் மேட்டிலும் ஒரு பயற்றினச் செடியின் இடத்தைப் பறித்தது இன்னொரு பயற்றினச் செடி.

கடைசி அடி ஜெர்மனியிலிருந்து விழுந்தது. அடோல்ஃப் ஃபான் பேயர் 1880 வாக்கில் நீலத்தைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கினார். மலிவாக உற்பத்தி செய்யும் வழி தேடி பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி பல ஆண்டுகள் பெரும் பணம் செலவழித்து, 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேதியியலின் பார்வையில் இரண்டும் ஒரே பொருள். ஜெர்மன் நீலத்தில் அளவு மாறாது, கசடு இல்லை, மழை பொய்த்தாலும் வரும். சில ஆண்டுகளில் இந்தியாவின் அவுரி நிலம் சுருங்கிப்போனது. முதல் உலகப்போரில் ஜெர்மன் சரக்கு நின்றபோது சற்றே உயிர் வந்து, போர் முடிந்ததும் மறுபடி அடங்கிவிட்டது.

புதுச்சேரி ஆலைகள் நிற்கவில்லை. 1898இல் ரோடியர் மில் எழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆப்பிரிக்காவுக்கு நீலத் துணி போய்க்கொண்டிருந்தது. சாயம்தான் தகர டப்பாவில் வந்தது. ஊரின் நினைவில் அந்த ஆலைகள் நிற்பதற்குக் காரணம் வேறு: 1936 ஜூலை 30 அன்று போராடிய தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டு 12 பேர் இறந்தார்கள்; அந்தப் போராட்டத்தின் பலனாக எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ரோடியர் மில் பின்னாளில் ஏ.எஃப்.டி. ஆகி, 2020இல் மூடப்பட்டது.

அவுரி மட்டும் முழுக்கப் போய்விடவில்லை. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறது. கொங்கரப்பட்டு போன்ற ஊர்களில் தொட்டிகளில் செடியை ஊறவைத்து, ஆட்கள் இறங்கிக் காலால் அடித்து நீலக்கட்டி எடுக்கிறார்கள். வாங்குபவர்கள் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் இயற்கைச் சாயப் பிரியர்கள். புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில், 1990களில் தொடங்கிய ‘கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ பட்டறையில் புளிக்கவைத்த நீலத் தாழிகள் இருக்கின்றன. ரசாயனம் போட்டு அரை மணியில் நீலத்தைக் கரைக்கும் வழி இருக்கும்போது, நுண்ணுயிர் வேலை செய்யட்டும் என்று காத்திருக்கும் பழைய முறை அங்கே உயிரோடு இருக்கிறது.

இதைவிடப் பெரிய சந்தை இப்போது தலைமுடிக்கு. மருதாணிக்குப் பின் அவுரி இலைப்பொடி பூசினால் நரை கருக்கும் என்பதால் பொட்டலம் பொட்டலமாக விற்கிறது. வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பேதிக்குச் சாப்பிடும் நிலாவாரையையும் அவுரி என்றே சொல்வார்கள். அதுவும் பயறுக் குடும்பம், அதிலும் பச்சைப் பொடிதான் வரும், ஆனால் சாயம் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துக் கால் மணி நேரம் திறந்துவையுங்கள். உண்மையான அவுரி என்றால் மேற்பரப்பு நீலமாகக் கறுக்கும். பச்சையாகவே கிடந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.